ஜம்புகுமார் மல்லாட்டை விட்ட வருஷம்

குணமதிக்குப் புத்தி பஸ்ஸில்தான் வேலை செய்யும். விழுப்புரத்தில் ஏறும்போது, கேட் பரீட்சையை இன்னொரு தடவை எழுதியே தீருவது என்றிருப்பாள். விக்கிரவாண்டி வரும்போது, எழுதித்தான் பார்ப்போமே என்று இளகிவிடும். கூட்டேரிப்பட்டு தாண்டினால், எதற்கு இந்த வீண் வேலை என்றாகிவிடும். திண்டிவனத்தில் இறங்கும்போது தலைவலிதான் மிச்சம்.

அது எண்பத்தேழாம் வருஷம். விழுப்புரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எம்.டெக். சேருவதற்கான கேட் பரீட்சையை ஒரு தடவை எழுதியாகிவிட்டது. அவள் ஆசைப்பட்டது கம்ப்யூட்டர் படிப்பு. வந்த மார்க்குக்குக் கிடைத்தது பவர் சிஸ்டம். சேருகிறாளா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் கல்லூரிக்குப் பதில் எழுத வேண்டும்.

யோசனை கேட்டது இன்னும் மோசம். துறைத் தலைவர் பாண்டுரங்கன், மறுபடி எழுதினால் மார்க்கு கட்டாயம் ஏறும் என்றார். கூட வேலை பார்த்த அம்சவள்ளி இரண்டு தடவை எழுதியவள். இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் குறைந்துபோனதாம். அதைச் சொல்லிவிட்டு, ஆனாலும் நீ எழுது என்றாள். இப்படி ஒரு யோசனையை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்?

இதெல்லாம் போதாதென்று வீட்டில் அப்பா வேறு. ஜம்புகுமார் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் சமணக் குடியானவர். மகள் முதல்முறை பரீட்சைக்கு எழுதிப்போட்ட அன்றே ஊர் ஜினாலயத்தில் போய் நின்று, அவளுக்கு எம்.டெக். சீட்டு கிடைக்கிறவரை மல்லாட்டையைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். வேறு எதையாவது விட்டிருக்கக் கூடாதா? அவருக்கு உயிரே மல்லாட்டைதான். வைகாசியில் கொல்லையில் செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, பெண்கள் அங்கேயே அவித்துத் தின்றார்கள். அவர் வரப்பில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மல்லாட்டைச் சட்னிகூட நின்றுபோனது. குணமதிக்கு அவர் தட்டைப் பார்த்தாலே சோறு இறங்கவில்லை. சீட்டு வந்தும் அவள் சேருவதாகச் சொல்லாததால் அவர் விரதம் முடியவில்லை; மறுபடி எழுதுவதென்றால் அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இதே கதிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தாள். சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அதற்குள்ளாகவே ஒரு தட்டு நிறைய மல்லாட்டை அவித்துக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தாள். கிடைத்த படிப்பிலேயே சேர்ந்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"இது நீ கேட்ட படிப்பாம்மா?" என்றார் ஜம்புகுமார்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மல்லாட்டையப் பாத்துக்கினு பதில் சொல்லாத. என்னைப் பாத்து சொல்லு."

"இல்லப்பா. நீங்க இத்த விட்டுட்டு உக்காந்துக்கினு இருந்தா, நான் எப்படிப்பா இன்னொரு வாட்டி எழுதறது?"

ஜம்புகுமாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளுக்குத் துணை நிற்பதாக நினைத்து அவள் தலையில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. விரதத்தைப் பாதியில் விடுகிற ஆளும் இல்லை அவர். தான் சொன்ன வார்த்தையை நினைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காயை எடுத்து உடைத்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

"சீட்டு கெடைக்கிற வரைக்கும்னு சொன்னேன். கெடச்சிடுச்சி. நீ சேந்தாலும் சேராட்டியும் என் விரதம் முடிஞ்சிபோச்சி. இனிமே எழுதறதும் எழுதாததும் உன் பாடு."

குணமதிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இத்தனை நாளும் அப்பாவைக் காரணம் காட்டிக் காட்டி எதை மூடி வைத்திருந்தாள் என்பது இப்போது மறைக்க இடமில்லாமல் தெரிந்தது. அம்சவள்ளிக்குக் குறைந்த மாதிரி தனக்கும் குறைந்துவிட்டால்?

"பயமா இருக்குப்பா," என்றாள்.

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் ஒரு காயை உடைத்தாள்.

"எழுதறேன்," என்றாள், மென்றுகொண்டே.