ஏழாம் வீட்டில் எத்தனை பேர்

என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த, கோடு போட்ட தாள். மேலே சிங்களத்தில் 'கீழ் லயம்' என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின் பெயரை எழுதி, அதன் கீழே வீட்டு இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே அந்த வீட்டு ஆட்களின் எண்ணிக்கை. ஏழாம் இலக்கத்துக்கு நேரே மட்டும் 5 என்று எழுதி, அடித்து, மேலே 4 என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தில் மறுபடி 5 என்று எழுதியிருக்கிறது. கடைசி 5 அப்பாவின் கையெழுத்து. தாளின் மூலையில் மழைத்துளி விழுந்து நீல மை பரவியிருக்கிறது. செய்திக்காக எடுக்கும் படங்களை நான் மாதம் ஒரு முறை அழித்துவிடுவேன். இதை மூன்று வருடங்களாக அழிக்கவில்லை. ஏழாம் வீடு எங்கள் வீடு. அந்த ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பவர் என் அண்ணி.

அண்ணி அப்போது இராணுவத்தில் செகண்ட் லெப்டினன்ட். அதிகாரிகளில் ஆகக் கீழ்ப்படி அது. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். அண்ணன் எல்ல ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் கிடைத்த பிறகும் நாங்கள் காத்திருந்தோம். இராணுவ மேலிடத்துக்கு அண்ணி எழுதிக் கேட்ட அனுமதி வர வேண்டியிருந்தது. அந்த நாட்களில் லயத்துப் பெண்கள் தண்ணீர்ப் பீலியில் அம்மாவைக் கண்டால், "ஒங்க வீட்டுக்கு தொரசாணி வரப்போறாளாமே, பங்களா கட்டிட்டீங்களா?" என்று கேட்பார்கள். அம்மா குடத்தை வைத்துக்கொண்டே, "மொதல்ல கூரைத் தகரத்த மாத்தணும். பொறவு பங்களாவப் பாப்போம்" என்பார்.

முகாம் எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் தூரம். கல்யாணத்துக்குப் பிறகு, லீவு கிடைத்த சனிக்கிழமைகளில் அண்ணி சுடிதாரில், ஒரு கறுப்புப் பையுடன் வந்து இறங்குவார். பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று உண்டு. மாலையில்தான் அங்கே கூட்டம். மற்ற நேரங்களில் வெறும் தகரக் கூரையும் ஒரு வாங்கும். அந்த வாங்கில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தலைவலித் தைல டப்பாவை எடுத்து, அதற்குள் இருந்த மெட்டிகளைக் கால்விரல்களில் போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, பிறகுதான் மேலே ஏறுவார். சப்பாத்துக்குள் மெட்டி விரலை வெட்டும். அதனால் முகாமில் போட முடியாது. தாலியைச் சட்டைக்குள் ஊசி குத்தி வைத்திருப்பார். ஞாயிறு மாலை திரும்பும்போது அதே வாங்கில் மெட்டிகளைக் கழற்றுவார். ஒரு முறை கூடப் போய் வழியனுப்பியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். "அங்க போனா மெட்டி இல்லாத காலு கூசுது. இங்க வந்தா மெட்டி போட்ட காலு கூசுது. எது பழக்கம்னே தெரியல தங்கச்சி" என்று சொல்லி டப்பாவை மூடினார்.

வீட்டில் இருக்கும் இரண்டு நாட்களும் அவர் அம்மாவுக்கு முன்னால் எழும்பிவிடுவார். ரொட்டிக்கு மாவு பிசைவார், தேங்காய் துருவுவார், அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார். ஆனால் போர்வைகளை அவர் மடித்து அடுக்கினால், நான்கு மூலையும் வெட்டி வைத்ததுபோல் இருக்கும். "என்னாடி இது, போர்வைய செங்கல்லு மாதிரி அடுக்கி வச்சிருக்க? தூங்குறதா, செவரு கட்டுறதா?" என்பார் அம்மா. முகாமிலிருந்து தொலைபேசி வந்தால், மாவு ஒட்டிய கையோடு எழும்பி நேராக நின்றுதான் பேசுவார். அண்ணன் அவர் எதிரில் போய் சல்யூட் அடித்து, "மேடம், எல்ல போகணுங்களா? ஆட்டோ ரெடி" என்பான். அவர் சிரிக்காமல் பேசி முடித்துவிட்டு, மாவுக் கையால் அவன் கன்னத்தில் ஒரு தட்டு தட்டுவார். அந்த வீட்டில் நான் பார்த்த சந்தோஷமான காட்சிகளில் அது ஒன்று. அதைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தக் கணக்கு சரியாக இருக்காது.

அந்த ஐப்பசியில் மழை நான்கு நாள் விடவில்லை. மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்கள் புதைந்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. மேல் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும், பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் பாடசாலைக்கு இறங்கச் சொன்னார்கள். உதவிக்கு இராணுவம் வந்தது. வந்த பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே அதிகாரி அண்ணி. அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் அந்தக் கொழுந்து மடுவம். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாடசாலைக்கு, மற்றது கோயிலுக்கு, உயரமான மண்மேட்டின் அடியால். மேல் லயத்துச் சனங்கள் முழுவதும் இறங்கி முடியும்வரை அங்கேயே நின்று, அவர்களைப் பாடசாலை வழியில் அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு.

நாங்கள் கீழ் லயம்; அப்பா, அம்மா, அண்ணன், நான் முதலில் இறங்கினோம். மடுவத்தைத் தாண்டும்போது அண்ணி இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. பாடசாலை வாசலில் ஒரு கோப்ரல் கொப்பித் தாளோடு நின்றார். வீட்டு இலக்கத்தைக் கேட்டு, எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா ஐந்து விரல்களைக் காட்டினார். அவர் முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் தோட்டத்துத் தொரை இரண்டு கேள்வி கேட்பார்: பதிவில் எத்தனை பேர், இன்றைக்கு வந்தது எத்தனை பேர். முதல் கேள்விக்கு, லீவில் போனவர், காய்ச்சலில் படுத்தவர், பிள்ளை பெறப் போனவர் எல்லோரையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காக நின்றார். கோப்ரல் 5 என்று எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார்.

நான் பதுளையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் பிராந்திய நிருபர். அன்று லீவில் வீட்டில் இருந்தேன். மழையானதால் லீவு வேலையாகிவிட்டது. மண்டபத்துக்குள் மறுபடி தலை எண்ணினார்கள். கோப்ரல் வயர்லெஸ்ஸில், கீழ் லயத்தில் ஒரு பெண் குறைகிறது என்று சொல்வதைக் கேட்டேன். உடனே வெளியே போய், கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் நின்று, தோட்டப் பெண் ஒருவரைக் காணவில்லை என்ற செய்தியை அலுவலகத்துக்குச் சொன்னேன். எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தந்த விஷயம்.

வயர்லெஸ்ஸின் மறுமுனையில் மடுவத்தில் நின்ற அண்ணிக்கு வீட்டு இலக்கமும் சொல்லப்பட்டது. ஏழாம் வீடு, ஐந்து பேர், வந்தது நான்கு, ஒரு பெண் இல்லை. அந்த வீட்டில் இருந்து குறையக்கூடிய பெண்கள் அம்மாவும் நானும்தான் என்று அவர் நினைத்தார். தன்னை அவர் எண்ணவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் காணாமல் போன பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் என் இணைப்பு கிடைக்கவில்லை. மூன்று முறை எடுத்திருக்கிறார். பிறகு, தமிழ் தெரியாத ஒரு பெண் சிப்பாயை மடுவத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு ஏறினார். பூட்டை உடைத்து உள்ளே பார்த்தார்கள். வீட்டின் பின்னால், தண்ணீர் ஓடும் கானில், தோட்டத்து விளிம்பில் எல்லாம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். கூடப் போன சிப்பாய்களில் ஒருவர் அதைப் பிறகு எனக்குச் சொன்னார். மேடத்தின் குரல் அப்படி உடைந்து தான் கேட்டதில்லை என்றார்.

அலுவலகத்திலிருந்து பெயர், வயது கேட்டார்கள். அதற்காகத்தான் கோப்ரலிடம் போய்த் தாளைப் பார்த்தேன். அப்பாவிடம் ஓடினேன். "நாம நாலு பேருதானேப்பா வந்தோம்?"

"ஆமா. வந்தது நாலு. வீட்டுல அஞ்சு. அவன் வருகைய கேக்கவே இல்லியே" என்றார் அப்பா.

நான் கோப்ரலுக்கு விளக்கினேன். அவர் ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினார். அதைப் பார்த்த அப்பா பேனாவை வாங்கி, நான்கை அடித்துவிட்டு மறுபடி ஐந்து என்று எழுதினார். "மருமக பேர வெட்டாதீங்க தம்பி" என்று தமிழில் சொன்னார். கோப்ரலுக்கு விளங்கவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தியை நீக்கச் சொன்னேன். அதற்குள் அது இணையத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அண்ணியின் மேலதிகாரியான மேஜர் நேரே மடுவத்துக்கு வந்திருந்தார். அங்கே அண்ணி இல்லை. அந்த நேரத்தில்தான் மேல் லயத்திலிருந்து மூன்று குடும்பங்கள் இறங்கி, தமிழில் வழி சொல்ல ஆளில்லாமல், கோயில் பாதையில் மண்மேட்டின் அடியால் போய்விட்டிருந்தன. அவர்கள் கடந்து போன பிறகு மண்மேட்டில் ஒரு பகுதி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பதுதான் விசாரணை.

மழை விட்டு நாங்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு பகலில் அண்ணி வந்தார். மெட்டி போட்டிருக்கவில்லை. அம்மா கவனித்தார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணி அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, விசாரணைக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர், தவறுதலாக ஐந்து என்று சொல்லிவிட்டேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒரு பொதுமகனின் பிழையான தகவலை நம்பித் தேடப் போனதாக ஆகும். கொடுக்காவிட்டால், சொந்த வீட்டு ஆளைத் தேடப் பொறுப்பை விட்டுப் போனதாக ஆகும். அதிகாரி வேலையே போகலாம்.

"அவ நம்ம வீட்டு ஆளு இல்லன்னு எழுதிக் குடுக்கணுமா? அப்ப நாம தாலி எடுத்தது எதுக்கு?" என்றார் அம்மா.

"எழுதுங்கப்பா. அந்தக் கடுதாசில எனக்கும் ஒரு காப்பி வேணும்" என்றான் அண்ணன். யாரும் சிரிக்காததைக் கண்டு எழும்பி வெளியே போனான்.

அப்பா அண்ணியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "முகாம்ல நீ யாரும்மா?" என்று கேட்டார்.

"ஆபீசர், மாமா."

"இங்க வந்தா?"

"இங்க வந்தா ஒங்க மருமக."

"சரி. அன்னைக்கு மடுவத்துல நின்னியே, அப்ப?"

அண்ணி தேநீரைப் பார்த்தார். "அதத்தான் மாமா அவங்களும் கேக்குறாங்க" என்றார்.

எழுத்து என் வேலை என்பதால் கடிதத்தை என்னிடம் விட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: ஐந்து என்பது வீட்டுப் பதிவு, வருகை கேட்கப்படவில்லை. அண்ணி இரண்டு தரம் படித்தார். "எல்லாம் உண்மதான் தங்கச்சி. ஆனா இது எனக்கு ஒதவாது." அவர் சொன்னபடி இன்னொன்று எழுதினேன். நான்கு பேர், என் தவறு, மன்னிக்கவும். அப்பா இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் போடும்போது பேனா மை விடவில்லை என்று சொல்லி, தாளின் ஓரத்தில் மூன்று முறை கிறுக்கிப் பார்த்தார். முதல் கடிதத்துக்கு அதே பேனாதான். அண்ணி இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எதைக் கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். இப்போது அவர் லெப்டினன்ட். வேலை வவுனியாப் பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். பொய்க் கடிதத்தைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றியிருந்தால் அதற்காக வருந்த வேண்டியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மைக் கடிதத்தைக் கொடுத்தும் அவர்கள் மன்னித்திருந்தால், நாங்கள் எதற்காக இன்னும் அவரிடம் கேட்கத் தயங்குகிறோம் என்பதும் தெரியவில்லை. அவர் என்னைத் தேடித்தான் ஏறினார். நான் கொடுத்த செய்தியைப் பார்த்துத்தான் மேஜர் வந்தார். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே பத்தியில் வைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

போன வாரம் கிராம சேவகர் வீட்டுப் பட்டியலைத் திருத்த வந்தார். புதியவர், இளைஞர். அண்ணி முதல் நாள்தான் லீவில் வந்திருந்தார். தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து மெட்டி போட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் மடுவத்தில் போடுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, எல்லோருக்கும் முன்னால்தான். ஒரு காலில் போட்டாகிவிட்டது. மற்ற மெட்டி டப்பா மூடியில் இருந்தது.

"வீட்டில எத்தனை பேர்?" என்று அவர் அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லியிருக்கலாம். விபரம் சொல்வது என் தொழில். உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவுக்கு இப்போது காது மந்தம். ஆனால் வந்த ஆளின் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தே கேள்வி புரிந்துவிட்டது. கதவு வழியாக ஐந்து விரல்களைக் காட்டினார். கையை இறக்காமல் காத்திருந்தார்.

கிராம சேவகர் 5 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

அப்பா கையை இறக்கினார். அண்ணி இரண்டாவது மெட்டியை விரலில் தள்ளிவிட்டு டப்பாவை மூடினார்.

"இன்னைக்கு இருக்கோம்" என்றார்.

கிராம சேவகர் குனிந்து ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.