நேர்ந்துவிட்ட கால்கள்

தொண்ணூற்று நான்காம் வருஷம் என் மாமியார் தேசம்மா படுக்கையில் விழுந்தார். நொச்சிக்குப்பத்திலிருந்து மந்தைவெளி வரை தலையில் கூடை சுமந்து மீன் விற்ற மனுஷி. இரண்டொரு நாள் வயிற்றுப்போக்கு வந்து போனது, அவ்வளவுதான். அடுத்த வாரம் காலில் குறுகுறுப்பு என்றார். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் கையும் விழுந்துவிட்டது. பிறகு மூச்சுத் திணறி, குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள்.

"நரம்புல வந்த கோளாறும்மா. பிழைச்சுட்டா கை கால் திரும்பும். ஆனா மெதுவாத்தான் திரும்பும்" என்றார் டாக்டர்.

அந்த ‘மெதுவா’ எப்படிப்பட்டது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. புரட்டிப் படுக்க வைக்க நான், சோறு ஊட்ட நான், மலஜலம் எடுக்க நான், காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கவும் நான். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விடுவார். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, "பாவம் தேசம்மா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். என்னை ஒருத்தரும் பாவம் என்றதில்லை. அலுத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதிருக்கிறேன். அத்தையும் அழுவார். கண்ணைத் துடைக்கக் கை எழாது. அதையும் நான்தான் துடைத்தேன்.

ஒருவழியாகக் கைத்தடியோடு தெருமுனை வரை நடக்க ஆரம்பித்தார். அப்போது பார்த்து மாமனார் மிக்கேல் குண்டைத் தூக்கிப் போட்டார். அத்தை மெஷினில் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம்: தேசம்மா பிழைத்தால், திருவிழாக் கொடியேற்றத்தன்று பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே வருவாள் என்று.

"யோவ், வேண்டிக்கினது நீ, நடக்கறது நானா? உன் காலுக்கு இன்னா வந்துச்சி?" என்று அத்தை கத்தினார்.

"மாதாவாண்ட சொல்லிட்டேன் தேசம்மா. போவலன்னா மறுபடியும் வந்துடுமோன்னு பயமா கீது."

ஆட்டை நேர்ந்துவிடுகிற மாதிரி பெண்டாட்டியின் காலை நேர்ந்துவிட்ட மனிதரை என்ன செய்வது? ஆனால் அந்தப் பயம் அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. படுத்தபடியே கால்விரல்களை அசைத்து அசைத்துப் பார்ப்பார்.

"ஆட்டோல போலாம் அத்தே. மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க" என்றேன்.

"நடந்துதான் போவணும். இன்னொரு வாட்டி படுத்தா நான் எழுந்துக்க மாட்டேன் அனு."

கொடியேற்றத்தன்று வெறுங்காலோடு கிளம்பினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாமனார். அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து அடையாறு பாலம் வரை வந்துவிட்டார். அங்கே கால் மடங்கிவிட்டது. மாதாவுக்கு நேர்ந்து காவி கட்டிய கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"முடியலய்யா" என்று அத்தை விசும்பினார். "மாதா என்னைத் திரும்பப் படுக்க வெச்சிடுவாங்களா?"

மாமனார் அத்தைக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறு. வேண்டிக்கினது நான்தானே, என் காலு நடக்கட்டும்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். மாதாவாண்ட நான் பேசிக்கிறேன்."

நோயில் இளைத்த உடம்பு, சுலபமாகத் தூக்கிவிட்டார். கைத்தடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். எனக்கும் கால் விட்டுப்போயிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அத்தை மாமனாரின் தோளிலிருந்து ஒரு கையை எடுத்து, முந்தானையால் என் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

"பாவம்டி நீ" என்றார்.

பாலம் முடிகிற வரைக்கும் அழுதுகொண்டேதான் நடந்தேன்.