கறுவலின் மருந்து

சித்திரை வெயிலில் முருங்கன் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் காலத்தில் மணிக்கட்டு வரை மூடிய கைச்சட்டை போடுவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று. செபஸ்தியம்மா அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள். விடிய விடிய அடுப்படியில் நின்று இடியப்பம் அவித்து, அழகையாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுவந்து இறக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

"என்னக்கா, கலியாண வீட்டுக்கா போறீங்க?" என்பார் அழகையா.

"நுளம்பு கடிக்குது தம்பி."

பட்டப்பகலில் எந்த நுளம்பு வந்து கடிக்குமாம்! அழகையா சிரித்துவிட்டு இடியப்பத் தட்டுகளை வாங்கி உள்ளே வைப்பார். நல்ல மனுசன். ஆனால் கடை என்பது கடைதான். விஷயம் தெரிந்தால் அந்தத் தட்டுகளை அவரே முற்றத்தில் தூக்கி எறிவார் என்று செபஸ்தியம்மாவுக்குத் தெரியும். ஊரில் வேறு யார்தான் வாங்கித் தின்பார்கள்?

விஷயம் இதுதான். வலது பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. பிறகு மணிக்கட்டில் ஒரு கட்டி, அதற்கு மேலே இன்னொன்று, இன்னொன்று என்று முழங்கை வரை வரிசை கட்டிக்கொண்டு ஏறியது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வலி இல்லாததுதான் அவளை உலுக்கி எடுத்தது. அவளுடைய பெரியப்பாவுக்கும் வலிக்காத புண்தான் வந்தது. குட்டம், தொழுநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் படுத்த பாயைக் கொளுத்தினார்கள், சாப்பிட்ட கோப்பையை உடைத்தார்கள். ஆள் திரும்பி வரவேயில்லை. செபஸ்தியம்மா ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திவிட்டுத் தையல் ஊசியால் கையைக் குத்திப் பார்ப்பாள். நோகும். "மாதாவே, நோகுது" என்று சந்தோசப்படுவாள். மறுநாள் அந்தச் சந்தோசம் எங்கே போகுமோ, திரும்பவும் குத்துவாள்.

வீட்டில் அவளும் கறுவலும்தான். கறுவல் கடுவன் பூனை. ஷெல்லடிக்குப் பயந்து வங்காலையை விட்டு ஓடியபோது, அவள் இடியப்பச் சட்டிக்குள் போட்டுத் துணியால் கட்டித் தூக்கி வந்த குட்டி. புருசன் கடலோடு போன பிறகு அவளோடு சண்டை பிடிக்க அது ஒன்றுதான் மிச்சம். மா மூட்டைக்கு எலி வராமல் காப்பதும் அதுதான். ஊர்ப் பூனைகளோடெல்லாம் அடிபட்டு வரும் அந்தச் சண்டியன் மூக்கில் ஒரு காயத்தோடு வந்தது. அவள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினாள், அது அவள் கையைப் பிறாண்டியது. காயம் ஆறாமல் மூக்கு வீங்கி, முகமெல்லாம் புண் பரவி, மூச்சு கரகரக்கத் தொடங்கிவிட்டது.

மன்னாரில் மிருக வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. மனிதருக்கான ஆஸ்பத்திரியில் தோல் வருத்தத்துக்கென்று தனி வாங்கு இருந்தது. அதில் உட்காரும் எவரையும் சனம் குட்டக்காரர் என்றே முடிவு கட்டிவிடும். அங்கே போக அவளுக்குத் துணிவில்லை. பூனையைக் கொண்டுபோனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? பூனைக்குக் கேட்கிற மாதிரித் தனக்கும் கேட்டுக்கொள்ளலாமே!

மூடிய பனையோலைப் பெட்டிக்குள் கறுவலை வைத்து பஸ் ஏறினாள். வைத்தியர் சிவசுப்பிரமணியம் மாடு, ஆடு பார்த்தே பழகியவர். பூனையைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கையுறை மாட்டி, புண்ணில் கண்ணாடித் துண்டை ஒற்றி, சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது பங்கசு அம்மா, ஒரு பூஞ்சணம். சின்னச் சின்னச் சுருட்டுத் துண்டு மாதிரிக் குமிஞ்சு கிடக்கு. மண்ணிலயும் மக்கின மரத்திலயும் இருக்கிறது. காயத்துக்குள்ள போய், இப்ப நெஞ்சுக்கும் இறங்கியிட்டுது போல. ஒண்டு கேக்கிறன், இது உங்களைக் கீறினதோ? மனிசருக்கும் தொத்தும். கீறின இடத்தில இருந்து கையில வரிசையாக் கட்டி ஏறும்."

செபஸ்தியம்மா சட்டைக் கையை மேலோடு தடவிப் பார்த்தாள். குட்டமில்லை! அந்தோனியாரே, குட்டமில்லை! தன் கையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஆடு கத்தியது. திரும்பினால் பக்கத்து வளவு மதலேனா, சினை ஆட்டைப் பிடித்துக்கொண்டு, காதையும் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மதலேனாவின் காதில் காலையில் விழுவது மத்தியானம் சந்திக்கே வந்துவிடும்.

"இல்லை ஐயா, எனக்கொண்டும் இல்லை."

வைத்தியர் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார். "அயடைட் கரைசல். இதுதான் கடைசிப் போத்தல். சாப்பாட்டில சொட்டுச் சொட்டா விடுங்கோ. மூக்கால வடிஞ்சா, வாயால வீணி ஊத்தினா உடனே குறைக்கோணும். புண் ஆறினாலும் நிப்பாட்டக் கூடாது. ஒரு மாதம் மேலதிகமாக் குடுக்கோணும். பாதியில விட்டா திரும்பவும் எழும்பும்."

திரும்பி வரும் வழியில், தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி நடக்கவிட்டார்கள். ஆமிக்காரப் பெடியன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மணந்து பார்த்தான். வெடிமருந்தோ நஞ்சோ என்ற சந்தேகம் அவனுக்கு. "பொன்ன" என்று போத்தலை அவள் வாயருகே நீட்டினான். குடி என்கிறான்! தண்ணீர்ப் போத்தலையே குடித்துக் காட்டச் சொல்கிற காலம் அது. பூனை மருந்து என்று சொல்லச் சிங்களம் வரவில்லை. பெட்டியைக் காட்டினாள். அவன் துவக்கை மறுதோளுக்கு மாற்றினான். செபஸ்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினாள். உப்பும் துருப்பிடித்த தகரமும் கலந்த கேடுகெட்ட ருசி.

அன்று முழுக்கச் சாவை எதிர்பார்த்துக் கிடந்தாள். வயிற்றைப் பிரட்டியது, மூக்கால் ஓடியது, அவ்வளவுதான். விடிந்தபோது உயிரோடு இருந்தாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு மிடறு கொல்லவில்லை என்றால், சில சொட்டு என்ன செய்துவிடும்?

அன்றிலிருந்து கறுவலுக்குச் சில சொட்டு, அவளுக்குப் பல சொட்டு. நாட்கள் போகப் போகக் கட்டிகள் இளகின. பெருவிரல் புண் தோல் மூடியது. கறுவலின் மூக்கும் வற்றியது. ஆனால் போத்தலும் வற்றியதே! அடிப்பாகம் தெரியத் தொடங்கியதும் பூனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள். பிறகு அதையும் நிறுத்தினாள். பூனைதானே, புண்தான் காய்ந்துவிட்டதே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள்.

போத்தல் முடிந்து கொஞ்ச நாளில் கறுவலின் மூக்கு மறுபடி வெடித்தது. மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு ஓடினாள்.

சிவசுப்பிரமணியம் வெறும் போத்தலைப் பார்த்தார். அவளுடைய சிவந்த கண்ணையும் ஒழுகும் மூக்கையும் பார்த்தார். "பூனை குடிச்சிருந்தா இது இன்னும் பாதி இருக்கும்" என்றார். அவள் தலையைக் குனிந்தாள்.

"நான் ஏசேல்லை அம்மா. ஆனா என்னட்ட இனி ஒரு சொட்டும் இல்லை. மிருகத்துக்கு எண்டு கேட்டா ஆமிக்காரர் இப்ப ஒண்டும் உள்ளுக்கு விடமாட்டாங்கள். மனிச ஆஸ்பத்திரியில இருக்கு. நான் எழுதித் தாறன், நீங்கள் போய்க் கையைக் காட்டுங்கோ. உங்களுக்குத் தாற மருந்தில பூனைக்கு எவ்வளவு போகப்போகுது, நானே பிரிச்சு அளந்து தாறன். வேற வழி இல்லை."

"அந்த வாங்கிலயோ ஐயா?"

"ஓம், அந்த வாங்கிலதான்."

ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றாள். திரும்பிப் போகலாம். கட்டிகள் முக்கால்வாசி ஆறிவிட்டன, சட்டைக்குள் ஒருவருக்கும் தெரியாது, இடியப்பம் விலைப்படும். பெட்டிக்குள்ளிருந்து விசில் போல இழுத்து இழுத்து மூச்சுச் சத்தம் வந்தது. அவள் உள்ளே போய் அந்த வாங்கில் இருந்தாள்.

பயந்தது அப்படியே நடந்தது. மருந்தெடுக்க வந்த மதலேனா அவளைக் கண்டு நடு விறாந்தையில் நின்றுவிட்டாள்.

"அடியே செபஸ்தி! நீ என்னடி இந்த வாங்கில? பூனைக்கு எண்டெல்லோ சொன்னனி?"

விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நுளம்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. செபஸ்தியம்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இழுத்துவிட்டாள். வரிசை வரிசையாகத் தழும்புகள். மதலேனா ஓரடி பின்னால் போனாள்.

"நல்லாப் பார் மதலேனா. சந்தியில போய்ச் சொல்லு. அழகையாவுக்கும் சொல்லு. ஆனா சொல்லுறதைச் சரியாச் சொல்லு." பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இது குட்டமில்லை. அந்தச் சீவன் தெரியாமக் கீறினது. நான் தெரிஞ்சுகொண்டே அதின்ர மருந்தைக் குடிச்சிட்டன்."