ஓட்டுநர் மாற்றம், பத்து நிமிடம்

என் மேஜை பறிபோய் நான்கு மாதம் ஆகிறது. மேஜை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஒரு மூலையில் என் இஸ்திரிப் பெட்டி, இன்னொரு மூலையில் என் பெரிய கத்தரிக்கோல், மற்ற இரண்டிலும் நூல் டப்பாக்கள். தையல்தான் என் பிழைப்பு. வருகிறவர்கள் கொடுக்கும் துணியை நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெட்டுகிறேன். மேஜையை ஆக்கிரமித்தவரோ நாற்காலியில் அமர்ந்து, என் சிவப்பு நூலை ரோட்டுமேல் நெளித்து நெளித்து வைத்து, என் இஞ்ச் டேப்பால் அதை அளந்துகொண்டிருக்கிறார்.

அவர் என் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். இருபத்தாறு வருடமாக ஜன்னல் வைத்த ஓர் அறையில் உட்கார்ந்து, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுகிற வேலை. அது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. மகள் பிறந்த அன்று நர்ஸிடம் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை மனுஷர். "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார். அந்த நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவருக்குச் சைக்கிளில் தொலைதூரம் போக வேண்டுமாம். எங்கே என்றால், இருமல்காரரைப் பார்க்க.

இருமல்காரர் கடலோர ஊரின் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். காலை ஆறு பத்து வண்டி இங்கிருந்து புறப்பட்டதும் இவர் அவருக்குப் போன் போட்டு, "கிளம்பியாச்சு சார்" என்பார். வண்டி அங்கே போனதும் அவர் கூப்பிடுவார். முதலில் இரண்டு இருமல், பிறகு "வந்துருச்சு சார்." பத்தொன்பது வருடமாகத் தினம் இரண்டு தடவை. மகளுக்குக் காய்ச்சல், அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் அந்தப் போனிலேயே பேசி முடித்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எத்தனை வண்டிய அனுப்பிருக்கேன். ஒரு தடவையாவது நானே வண்டியா போய்ச் சேரணும். அவர் நோட்டுல என் வருகை ஏறணும்."

மூன்று வருடமாக விடுப்பு எடுப்பதும், அட்டவணை சரியாக வரவில்லை என்று ரத்து செய்வதுமாக இருந்தார். இந்த வருடம் அப்படி விட முடியாது. வருகிற முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு இருமல்காரருக்கு ஓய்வு. அதன்பிறகு அந்த நாற்காலியும் இல்லை, நோட்டும் இல்லை. இருபத்திரண்டாம் தேதியிலிருந்து இவருக்குப் பத்து நாள் விடுப்பு. போக ஒன்பது நாள், திரும்பும்போது சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிவிட்டு ஒரு நாள். இப்போது தவறினால் தவறியதுதான். அது எனக்கும் தெரிந்ததால்தான் மேஜையை விட்டுக்கொடுத்தேன்.

மகள் போன மாதம் வந்தபோது, "அப்பா, போன்ல ஊர் பேரப் போட்டா அதுவே வழி காட்டும்ப்பா" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள எந்த வாசல்ல நுழையணும்னு காட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையில் துணியைப் பார்த்தேன்.

பதினைந்தாம் தேதி, "முடிஞ்சுது!" என்று கூவினார். நான்கு தாள்களை ஒட்டி, கோடு போட்டு எழுதிய அட்டவணை. எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர், ஏழே நாள். இருபத்தெட்டாம் தேதியே போய்ச் சேர்ந்துவிடுவாராம், இரண்டு நாள் மிச்சமாம். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

நான் ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். காலை ஐந்துக்குப் புறப்பாடு. இரவு எட்டுக்குத் தங்கல். நடுவில் மதியம் ஒன்று பத்துக்கு ஒரு வரி. எல்லா நாளிலும் அதே வரி. 'ஓட்டுநர் மாற்றம், பத்து நிமிடம்.'

"ஏங்க, இது என்ன?"

"ஷிஃப்ட் மாறணும்ல. காலைல ஓட்டினவனே ராத்திரி வரைக்கும் ஓட்டினா உடம்பு தாங்குமா?"

"சரி. மதியத்துக்கு மேல யார் வந்து மிதிக்கிறது? நானா?"

தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் இன்னொரு ஆள் ஒளிந்திருப்பது போல. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நான்கு மாதம் என் மேஜை, என் நூல், என் முதுகு எல்லாம் போனது இல்லாத ஓர் ஓட்டுநரை நம்பி!

ஒரே ஆள் மிதித்தால் ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். அப்படியென்றால் பதினான்கு நாள். ஆனால் கடலோர ஊருக்கு நேர் ரோடு ஐந்நூற்றுப் பத்துதான். மிச்சம் முந்நூற்று முப்பது எங்கிருந்து வந்தது? வழியில் இன்னும் ஐந்து பஸ் ஸ்டாண்டு, ஐந்து டைம் கீப்பர்கள். அவர்களும் போன் குரல்கள்தான். அவர்களையும் பார்க்க வருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காகத்தான் ரோடு அப்படி வளைந்து வளைந்து போகிறது.

"அஞ்சு பேரையும் விட்டுடுங்க. நேரா போங்க."

"சொன்ன சொல்லு என்னாகறது?"

"அப்போ இருமல்காரர விட்டுடுங்க."

அவர் இஞ்ச் டேப்பைச் சுருட்டி வைத்தார். இரண்டு நாள் வரைபடத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த வருடம் யார் இருப்பார் அந்த நாற்காலியில்?

அவர் வேலைக்குப் போனதும் அவர் நோட்டைப் புரட்டி, கடலோர ஊருக்கு நானே போன் போட்டேன். இரண்டு இருமல் கேட்டது. நான் யாரென்று சொன்னேன்.

"அம்மா, நீங்களா! சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் வேலை செய்யல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. "அண்ணே, உங்க ஆளுங்களுக்கெல்லாம் பஸ்ல போக இலவச பாஸ் இருக்குல்ல?"

"இருக்குங்களே."

"அப்போ அந்த அஞ்சு பேரும் ஆளுக்கொரு நாள் பஸ் ஏறி நேர் ரோட்டுக்கு வந்து நின்னா என்ன? இவர் ஏன் அங்கங்க வளைஞ்சு போகணும்?"

மறுமுனையில் இந்தத் தடவை நான்கு இருமல்.

"அது எங்க யாருக்கும் தோணலைங்கம்மா" என்றார் கடைசியில்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஏழு பேர், ஏழு ஜன்னல், காலமெல்லாம் பஸ்ஸை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஏறலாம் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா?

மீதியை இருமல்காரரே பேசி முடித்தார். நான் நேர் ரோட்டுமேல் சிவப்பு நூலை இழுத்துவைத்து, ஐந்து இடத்தில் குண்டூசி குத்தினேன். இவர் பார்த்தார், இஞ்ச் டேப்பை எடுத்தார், ஒரு மணி நேரம் கணக்குப் போட்டார்.

"முப்பதாம் தேதி சாயங்காலம் நாலு இருபது" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி காலை நாலே முக்காலுக்கே தயாராகிவிட்டார். நான் தைத்துக் கொடுத்த பை பின்னால் கட்டியிருந்தது. ஆனாலும் கிளம்பவில்லை. ஐந்து மணி ஆகட்டும் என்று வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் நின்றார். நானும் நின்றேன். வேறு என்ன செய்வது?

அதன்பிறகுதான் வீட்டுப் போன் அடிக்க ஆரம்பித்தது. "அம்மா, உங்க வீட்டு வண்டி இங்க வந்து போயிருச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி" என்று ஒரு குரல். நாலு நிமிடம் தாமதம் என்று இன்னொன்று. இப்படி ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி மதியம் இவரே கூப்பிட்டார். செயின் அறுந்துவிட்டதாம், சைக்கிள் கடையைத் தேடி நடந்துகொண்டிருக்கிறாராம். மூன்று மணி நேரம் போய்விட்டதாம்.

"லாரில ஏறுங்க!"

"வண்டிய இன்னொரு வண்டில ஏத்தினா அது வருகை இல்லம்மா. பிரேக்டவுன்."

போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

முப்பதாம் தேதி மேஜை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தும் ஒரு துணி வெட்டவில்லை. நாலு இருபது ஆயிற்று. நாலரை ஆயிற்று. ஐந்து மணிக்கு அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாலு ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது. இரண்டு இருமல்.

"வந்துருச்சும்மா. நாலு ஐம்பத்தொண்ணு. முப்பத்தொரு நிமிஷம் லேட். நோட்டுல ஏத்திட்டேன். என் கையால ஏத்தற கடைசி வண்டி."

மேஜையில் இருந்த கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன். "லேட்டா வந்ததுக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கங்க அண்ணே. சும்மா விடாதீங்க. என்ன பேசிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றேன்.

"அதத்தாம்மா சொல்ல வந்தேன். எதிர்ல உக்காந்தா பேச்சே வரல. அஞ்சு நிமிஷமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம். இப்ப சார் எழுந்து பக்கத்துல பஸ் விசாரணை அறைக்குப் போயிருக்கார், அங்கயும் ஒரு போன் இருக்கு." அந்தப் பக்கம் இன்னொரு போன் மணி அடிப்பது கேட்டது. "கொஞ்சம் இருங்கம்மா. அவர்தான் கூப்பிடறார்."