குண்டுமணிக் கண்ணு வெச்ச பொம்மைங்க

அதைக் கேளு புள்ள, எம்மருமவ தெச்ச பொம்மை மூட்டை அப்படியே திரும்பி வந்துருச்சு! வாசலூர்பட்டி ஏரிக்கிட்ட கடை வெச்சிருக்காரே, அவரு அவகிட்ட, "குழந்தைங்க வெளாடற சாமானுக்கு இனிமே சர்க்காரு முத்திரை வேணுமுங்க. அந்தக் குண்டுமணிக் கண்ண ஒரு புள்ள கடிச்சு முழுங்கிட்டா எம்மேலதான் கேசு"ன்னாராம்.

அதுவும் நெசந்தான், குண்டுமணி வெசமாச்சே. ஆனா அந்தக் கண்ணு வெச்சாத்தான் துணிப் பொம்மை உசுரோட முறைக்கும்! எம்பேத்தி அதுக்குக் களி ஊட்டுவா, போ. கண்ண மாத்தினா வாங்கிக்குவாருன்னு நெனச்சு, நானும் மருமவளும் அத்தனையும் பறிச்சுட்டுக் கறுப்பு நூலுல தெச்சோம். நான் தெச்சது மாறுகண்ணு. அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே!

கொண்டு போனா, "கண்ணு மட்டும் பத்தாதுங்க, டவுன்ல சோதனைக்குக் குடுத்து முத்திரை வாங்கோணும்"னுட்டாரு. அதுக்குக் கட்டற காசுக்கு அவ ஆயுசு பூரா தைக்கோணும். எம்மவன் செத்தப்புறம் அந்தப் பொம்மைதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இன்னிக்குக் காத்தால மருமவ பஸ் ஏறி நாமக்கல் பக்கம் மில்லு வேலைக்குப் போயிட்டா. அங்கயே தங்கோணுமாம், புள்ளையக் கூட்டிக்கிட்டு வரக்கூடாதாம். பேத்தி மாறுகண்ணுப் பொம்மையக் கட்டிக்கிட்டுத் தூங்குது. அம்மா போனது அதுக்கு இன்னும் தெரியாது.

அட, பறிச்ச குண்டுமணி மொறத்துல அப்படியே கிடக்குது! இவ முழிக்கறதுக்குள்ள அடுப்புல கொட்டிட்டு வாரேன், இரு.