மூலைத் தாழி

தாழிக்குள்ளிருந்து பாட்டு வருகிறது. ஆளைக் காணோம். கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒயின் தாழிக்குள் இறங்கி, செர்ரிமரப் பட்டையால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் லாமாரா. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். மேலே நிற்பவர்கள் பிடித்து இழுத்துவிடுவார்கள். லாமாராவைப் பற்றி அந்தக் கவலையே வேண்டாம். பாட்டு தீர்ந்தால் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

"யோவ் குராம், தண்ணி ஊத்துறியா, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

கணவன் குராம் அவசரமாக வாளியைச் சாய்ப்பான்.

ஐம்பதைத் தாண்டியும் ஒடிசலான உடம்பு. அதனால் தாழி கழுவும் வேலை வருஷா வருஷம் அவள் தலையில்தான் விழும். அறுவடை தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை அவள் விரல்களில் திராட்சைக் கறை போகாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒயின் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். சாறு புளிக்கும் நாட்களில் தரையில் காதை வைத்துப் படுத்து, "கொதிக்குது, கொதிக்குது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கூவுவாள்.

அவளுக்கும் மாமனார் எர்மிலேவுக்கும் ஒரே ஒரு சண்டை. அது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. ககேத்திப் பக்கத்து இந்த வீட்டில், எர்மிலேவின் பாட்டனுக்குப் பாட்டன் காலம் தொட்டு, சாறோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் தாழியில் கொட்டி வசந்தம் வரை மூடிவைப்பார்கள். லாமாரா மலைக்கு அந்தப் பக்கம், இமெரெத்தியில் பிறந்தவள். அங்கே காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, தோலில் ஒரு பிடி மட்டும் போடுவார்கள்.

"இது ஒயினா மாமா? கஷாயம்!"

"உங்க ஊரு ஒயின பச்சப்புள்ளைக்கு மருந்துல கலந்து குடுக்கலாம். வேற எதுக்கு ஆகும்?"

போன அறுவடையில் கிழவர் திடீரென்று இறங்கி வந்தார். "அந்த மூலையில இருக்குற சின்னத் தாழிய எடுத்துக்க. உன் இஷ்டப்படி போடு. கெட்டுப்போச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது, ஆமா!"

லாமாரா அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கிழவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒவ்வொரு குலையாகக் காம்பு கிள்ளினாள். மிதித்த சாற்றைத் தன் தாழியில் ஊற்றி, ஒரு பிடி தோலைப் போட்டுவிட்டு, ரொட்டி எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, குராம் தன்பாட்டுக்கு ஏதோ முனகியபடி ஒவ்வொரு தாழிக்கும் சக்கையைக் கொட்டிக்கொண்டே போனவன், மூலைத் தாழியிலும் காம்பும் தோலுமாக ஒரு வாளி முழுக்கக் கவிழ்த்துவிட்டான்.

"கைப்பழக்கம் லாமாரா... கை தானாப் போயிடுச்சு."

அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. தாழி வாயில் குப்புறப் படுத்து நீளக் கரண்டியால் பொழுது சாயும்வரை அள்ளி அள்ளி வெளியே போட்டாள். உள்ளே விழுந்துவிடாமல் குராம் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். அடியில் எவ்வளவு தங்கிவிட்டது என்று யாருக்கும் தெரியாது. கொதிப்பு அடங்கியதும் மூடி போட்டுக் களிமண்ணால் பூசினாள். குளிர்காலம் முழுக்க அந்த மூலைப் பக்கமே அவள் எட்டிப் பார்க்கவில்லை. பயம்.

ஈஸ்டர் முடிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, களிமண்ணை உடைத்தார்கள். வைக்கோல் நிறத்தில் ஒயின் மினுங்கியது. லாமாரா முதல் கிண்ணத்தை மாமனாரிடம் நீட்டினாள். கிழவர் ஒரு வாய் குடித்தார். வாய்க்குள்ளேயே சற்று வைத்திருந்து விழுங்கினார்.

"தண்ணி," என்றார்.

"நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க மாமா!"

"அதான் சொன்னேனே. தண்ணி."

லாமாராவின் முகம் சுருங்கிவிட்டது. கிழவர் மிச்சத்தையும் குடித்து முடித்து, கிண்ணத்தை மறுபடி அவளிடமே நீட்டினார். ஒன்றும் புரியாமல் நிரப்பிக் கொடுத்தாள்.

"மருமக கைப்பக்குவத்த நாங்களும் பாக்கணுமில்ல," என்று பக்கத்து வீட்டு ஷோத்தா தன் கிண்ணத்தோடு வந்தார்.

எர்மிலே குனிந்து மூடியைத் தன் கையாலேயே தாழியின் மேல் தள்ளினார். அதன் மேல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பெரிய தாழி அந்தப் பக்கம் இருக்கு, ஷோத்தா."