வெறுங்கையால் பூசிய மருந்து

இஸ்திரி அக்கா தன் வாழ்நாளில் அதிகம் பேசிய சொல் "ஒட்டாது" என்பதாகத்தான் இருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி சட்டென்று எழுந்து நின்றால், "உக்காரும்மா, இது ஒட்டாது" என்பாள். சலவைக்கடையில் புதிதாகச் சேர்ந்தவள் தன் டம்ளரைத் தனியாக எடுத்து ஒளித்து வைத்தால், "ஒட்டாதுடி, எந்த டாக்டரை வேணா கேட்டுக்க" என்பாள். சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது. நம்பினவர் யார்?

அவளுக்கு வந்தது சொரியாசிஸ். தோல் தேவைக்கு மேல் அவசர அவசரமாக வளர்ந்து, தடித்து, செதில் செதிலாக உதிரும். மகள் பிறந்த கையோடு முழங்கையில் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக முதுகு முழுவதையும் பிடித்துக்கொண்டது. புருஷன் ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான். போனவன் போனவன்தான், சாகும்வரை அந்த அறைக்குள் படுக்க வரவில்லை.

கடையில் அவள் முதலில் முன்மேஜையில் நின்று துணி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள். யாரோ ஒரு பெரிய மனுஷரின் கறுப்புக் கோட்டில் அவள் கையிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்துவிட்டது. அவ்வளவுதான். "பின்னால இஸ்திரி அறையில உனக்கு வசதியா இருக்கும்கா" என்று முதலாளி தேன் ஒழுகப் பேசி அனுப்பினார். நல்ல வசதி! நீராவியும் வியர்வையும் வெடித்த தோலில் இறங்கினால் எப்படி எரியும் என்று அவர் முதுகுக்கா தெரியும்? பின்னறைப் பெண்கள் அவளுக்கு 'மீன்' என்று பேர் வைத்தார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "மீன் வந்தாச்சு, பூனைங்கல்லாம் வாயைத் தொடச்சுக்கிட்டு வேலையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். அழுகையெல்லாம் வீட்டுக் குளியலறைக்கு.

பூசாத களிம்பில்லை. எல்லாம் மேலேயே நின்று, சேலையில் அப்பிக்கொண்டு போயிற்று. மாத்திரை கொஞ்சம் கேட்டது, ஆனால் ஈரலைக் கெடுத்தது. கடைசியில்தான் தோல் டாக்டர் புதிதாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு களிம்பைப் பற்றிச் சொன்னார்.

"அதே மாத்திரை மருந்துதான்மா. கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சிருக்காங்க. தோல்லயும் கொழுப்பு இருக்கறதால, தன் இனம்னு நெனச்சு உள்ள விட்டுடும். இத்தனை நாள் வாசல்லயே நின்ன மருந்து இனிமே வீட்டுக்குள்ள போகும்."

களிம்போடு ஒரு பெட்டி ரப்பர் கையுறையையும் நர்ஸ் நீட்டினாள். "முதுகுல யாராவது பூசி விடுவாங்கல்ல, அவங்க கண்டிப்பா இதைப் போட்டுக்கணும். முக்கியமா கர்ப்பமா இருக்கறவங்க..."

இஸ்திரி அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியிலுமா? "ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? இது ஒட்டாதுன்னு உனக்கே நான் பாடம் எடுக்கணுமா?" என்று பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். மீதியை நர்ஸ் அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. மருமகனுக்கு வெளியூர் வேலை. ஓய்வெடுக்கட்டும் என்று அம்மாவிடம் கொண்டுவந்து விட்டான். இஸ்திரி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைப் படுக்க வைத்துவிட்டுச் சமையலறைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் கரண்டிக் காம்பால் முதுகில் களிம்பு பூசிக்கொள்ளப் படும் பாட்டை மகள் பார்த்துவிட்டாள். "குடும்மா இப்படி" என்று வாங்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து உறையை எடுத்து மாட்டினாள். ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டு இஸ்திரி அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"நீயுமாடி?"

"களிம்போட இருந்துச்சேம்மா, போடணும் போலன்னு..."

"உன்னைப் பெத்த உடம்புடி இது. ஒட்டுறதா இருந்தா என்னிக்கோ உனக்கு ஒட்டியிருக்கும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. உறையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். வெறுங்கையால், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை, அவசரமே இல்லாமல் தேய்த்தாள். அந்த முதுகை மனுஷக் கை தொட்டு யுகம் ஆகியிருந்தது. இஸ்திரி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அதிலிருந்து காலையும் மாலையும் அதுவே வேலை. மருந்து பேசியது. செதில் உதிர்ந்து, சிவப்பு வெளுத்து, புதுத்தோல் எட்டிப் பார்த்தது. "உன் முதுகைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும்மா. பொறக்கப் போறதுக்குக்கூட இப்படி வழவழன்னு இருக்குமோ என்னவோ" என்பாள் மகள். "வாயில அடி போடு, என் பேரப்புள்ள வெண்ணெயாட்டம் இருக்கும்" என்பாள் இவள்.

ஒரு மத்தியானம் மகள் குளியலறையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். தரையில் ரத்தம். அக்கம்பக்கத்தார் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கரு தங்கவில்லை. சில சமயம் காரணமே இல்லாமல் இப்படி ஆகும் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எழுந்ததும் பேசிய முதல் பேச்சு இதுதான்: "தேறினதும் மறுபடி சிகிச்சைக்குப் போயிடுவேன்மா. இந்தத் தடவை விடமாட்டேன்."

அந்த வாரமே இஸ்திரி அக்கா தோல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. முதுகைப் பார்த்துவிட்டு அவர் குழந்தை மாதிரி குதித்தார். "யாரும்மா பூசி விட்டது? கோயில் கட்டணும் அவங்களுக்கு!"

"என் மகதான் டாக்டர். வெறுங்கையால பூசினா. பாவம், புள்ளத்தாச்சியா இருந்தா, அதுவும் இப்ப போயிடுச்சு."

டாக்டர் முகம் செத்துப்போயிற்று. நர்ஸைப் பார்த்தார். "நான் சொன்னேன் டாக்டர்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "அம்மாதான் காதுல வாங்கல."

"உறை உங்க நோய்க்காக இல்லம்மா, மருந்துக்காக" என்றார் டாக்டர். " வேகமா வளர்றதை அடக்கறதுதான் அதோட வேலை. யார் தோல்னு அதுக்குத் தெரியாது, கையில பட்டா அந்த வழியாவும் உள்ள போயிடும். கரு கலைஞ்சது இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, மருந்து உடம்பை விட்டுப் போயிடுச்சுன்னு சோதிச்சுப் பாக்கறவரைக்கும் அவங்க மறுபடி உண்டாகவே கூடாது. இன்னிக்கே சொல்லிடுங்க."

வீடு வரும்வரை அவளுக்கு வழி தெரியவில்லை. பாவி, பாவி என்று மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் அவளுக்கு அம்மாவாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்ததும் போய்விட்டால்?

மகள் கட்டிலைவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் களிம்பைக் கையில் பிதுக்கப் போனாள். "ரெண்டு நாளா பூசவே இல்லையே. திரும்பும்மா."

இஸ்திரி அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "தொடாதடி! உறை போடு."

மகள் சிரித்தாள். கரு கலைந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. "என்னம்மா புதுசா? ஒட்டாதுன்னு நீதானே சொல்லுவ?"

"நான் சொன்னது நோயைடி. மருந்து ஒட்டும்." நர்ஸ் சொல்ல வந்ததை, தான் கேட்காமல் வந்ததை, டாக்டர் சொன்னதை, சிகிச்சைக்கு இப்போது போகக் கூடாது என்பதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். "என் ஆத்திரம்தான்டி. ஒரு கை என்மேல படணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

மகள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் திறந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இஸ்திரி அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து மகள் வந்தாள். தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் சிவந்திருந்தது. எங்கோ கிடந்த உறைப் பெட்டியைத் தேடி எடுத்து, இரண்டு கையிலும் உறையை மாட்டினாள்.

"திரும்பு" என்றாள். அம்மா என்று கூப்பிடவில்லை.

இஸ்திரி அக்கா திரும்பி உட்கார்ந்தாள். ரப்பர் விரல்கள் அவள் முதுகில் களிம்பைப் பூசி முடித்துவிட்டு, போய்விட்டன.